தங்கச்சியின் குரலில் கேட்ட வீடு

...இல்லை, தலையை மட்டும் ஆட்டினால் போதும், வீட்டைக் காட்டப் போவது வாடகை ஏஜென்சிப் பெண், பேசுவதையும் அவளே பேசட்டும், நான் ஏன் லா ஷப்பேலில் யாரோ ஒருவரின் கட்டட வாசலில் நின்று ஒரே பிரெஞ்சு வசனத்தை மென்றுகொண்டிருக்கிறேன்? தொலைபேசியில் இந்த வீட்டைக் கேட்டுப் பிடித்தது நானில்லை, என் தங்கச்சி சுபாங்கி. முதலில் நான்தான் போன் எடுத்துக் கேட்டேன், "போய்விட்டது மதாம்" என்றார்கள். கொஞ்சம் பொறுத்து அவள் தன்னுடைய போனில் என் பெயரைச் சொல்லிக் கேட்டாள், "வந்து பாருங்கள்" என்றார்கள். அதே வீடு! கோபம் வரவேண்டிய இடத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்புத்தான் வந்தது... ஒரே விமானத்தில் இந்த நாட்டுக்கு வந்தோம், அவளுக்கு நாலு வயசு, எனக்குப் பதினாறு. பிரெஞ்சு அவள் வாயில் எச்சில் மாதிரி ஊறியது, எனக்கோ தொண்டைக்குள் உருளவேண்டிய அந்த 'ர' இன்னும் நாக்கு நுனியில் அடம்பிடித்துக்கொண்டு நிற்கிறது. பிழையில்லாமல் எழுதுவேன், அவளுடைய பள்ளிக்கூடக் கட்டுரைகளைத் திருத்தியதே நான்தான், ஆனால் தொலைபேசியில் எழுத்தை யார் பார்க்கிறார்கள்? தங்கமான பிள்ளை. மின்சாரக்காரன், பிள்ளையின் டொக்டர், எவரோடு கதைக்கவேண்டி வந்தாலும், "நான் கதைக்கிறன் அக்கா, விடுங்கோ" என்பாள், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அந்த 'விடுங்கோ'வும் 'விதுங்கோ' என்றுதான் வரும், அங்கே ஒரு பிரெஞ்சுக்காரி வந்து குந்திவிடுவாள். யாழ்ப்பாணத்திலிருந்து தில்லைநாயகிச் சித்தி எடுத்தால் போனை என் கையில் திணித்துவிட்டு, "நீங்கள் கதையுங்கோ, என்ர தமிழுக்கு அவை சிரிப்பினம்" என்று ஓட்டமெடுப்பாள். இவளில்லாமல் நான் இந்த ஊரில் என்ன செய்திருப்பேன்... இப்போது இருப்பது லா கூர்னெவ்வில் ஒற்றை அறை, இரண்டு பிள்ளைகள், வயிற்றில் மூன்றாவது, இந்த வீடும் கை நழுவினால்?

வந்துவிட்டாள் ஏஜென்சிக்காரி, கையில் கிலுங்கும் திறப்புக் கோர்வை, நல்ல முகம். "தொலைபேசியில் பேசியது நீங்கள்தானே?" 'உய்', ஆம், என்றால் முடிந்தது, 'ர' இல்லாத சொல், பிடிபடமாட்டேன், ஆனால் சுபாங்கி பேசிக் கிடைத்ததை நான் பேசியதாகச் சொல்ல மனம் வரவேயில்லை, "அது என் தங்கச்சி" என்று பிரெஞ்சில் சொன்னேன், 'மா சேர்', அந்தக் கடைசி 'ர' கல்லுப் பாதையில் போன வண்டி மாதிரிக் கடகடத்தது. ஒரு கணம் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்தாள். இரண்டு அறை, குசினியில் அடுப்படி வரை வெயில், என் கண் கலங்கிவிட்டது, சுபாங்கி, இதை நீ பார்க்கவேண்டுமடி... இறங்கும்போது கேட்டாள், முடிவைச் சொல்ல தங்கச்சியின் நம்பருக்கே எடுக்கவா? "இல்லை, எனக்கே எடுங்கள்." யார் சொன்னது, நானா? சொல்லத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, பிரெஞ்சில் சைபரில் 'ர', நாலில் 'ர', முப்பதில் 'ர', என் நம்பர் முழுக்க 'ர'. எல்லாவற்றையும் நாக்கு நுனியிலேயே உருட்டிக் கொடுத்தேன், அவள் ஒன்றையும் திருப்பிக் கேட்காமல் எழுதிக்கொண்டாள். எடுப்பாளா? எடுத்தால் நான்தான் கதைக்கவேண்டும்... வீடு கிடைக்காதோ என்ற பயத்தைவிட நானே கதைக்கவேண்டுமே என்ற பயம்தான் பெரிது, ஆனால், கடவுளே, அந்தப் பயம் எனக்குப் பிடித்திருக்கிறது.