நாலு விரற்கடையில் நின்ற குத்து

பஸ் ஸ்டாண்டில் இருளப்பன் விட்ட குத்து விழவில்லை. சுடலைமணியின் தாடைக்கு நாலு விரற்கடை இருக்கும்போது அந்தரத்தில் நின்றுவிட்டது. இன்றோடு ஒன்பது நாள்.

சண்டை பஸ்ஸில் ஒரு சீட்டுக்கு. இருவரும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டார்கள். பஸ் அன்றைக்கே போய்விட்டது, துண்டுகளோடு.

ஓங்கிய அடி எந்தக் கலை, அது நிஜச் சண்டைக்கு உதவுமா என்று சண்டை சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்கள் மூவரும் தீர்த்துச் சொன்னால்தான் அந்த ஊரில் அடி விழும். பஸ் ஸ்டாண்டு சுவரில் பலகையே உண்டு: 'நிஜச் சண்டைக்கு உதவுபவை.' கீழே இதுவரை ஒன்றும் எழுதியதில்லை.

அடி வாங்க வேண்டியவர்கள் யாரும் அதுவரை காத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அடியும் அவர்கள் பின்னாலேயே வரும். உள்ளேயிருந்து யார் கதவைத் திறக்கிறார்களோ அவர்கள் மேல் விழும். அதற்குத் தீர்ப்பு தேவையில்லை. ஊரில் பெண்களுக்குத்தான் பல் குறைவு. சுடலைமணியின் மனைவிக்கு முன்பல் இரண்டு கிடையாது.

இப்போது வீட்டில் கதவு திறப்பது மகள் கோமதி. வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். அதனால்தான் சுடலைமணி நகரவில்லை.

"கராத்தேன்னு எழுதுங்கவே, முடிஞ்சுது" என்றார் ஜேசுராஜ் மாஸ்டர்.

"குனிஞ்சு வணக்கம் வச்சிட்டா அடிச்சான்? சண்டைக்கு மல்யுத்தம்தான். ஒரே பிடி" என்றார் மீரான் பயில்வான்.

"தார் ரோட்டுல உருண்டு பாரும். முட்டி பேந்துரும். அவன் மச்சான் மூணு பேரு வந்தா யாரைப் பிடிப்பீரு?" இது குத்துச்சண்டை தங்கதுரை.

"நீரு மணி அடிச்சா உக்காந்துருவீரு. பேச வந்துட்டாரு!" என்றார் பயில்வான்.

பேச்சு சாயங்காலம்வரை போகும். மறுநாள் முதலிலிருந்து தொடங்கும்.

"அண்ணாச்சி, கை மரத்துப் போச்சு" என்றான் இருளப்பன்.

சுடலைமணி அவன் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "நாளான்னைக்குக் கல்யாணம்ல" என்றார். இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

வியாழக்கிழமை காலையில் ஒரு லோடு ஆட்டோ வந்தது. அதில் சுடலைமணி வீட்டு வாசல் கதவு, நிலையோடு பெயர்த்தது. கூடவே கோமதி. குத்துக்கும் தாடைக்கும் நடுவில் நிறுத்தச் சொன்னாள். நாலு விரற்கடையில் கதவு சரியாக நின்றது.

"அப்பா, நீங்க நிக்கிற பக்கம் வீடு. அண்ணே, நீங்க தெரு. தட்டுங்க."

இருளப்பன் இடது கையால் தட்டினான். "அண்ணாச்சி, வீட்ல இருக்கியளா?"

"இருக்கேன்."

இருபது வருஷத்தில் சுடலைமணி கதவு திறந்தது அதுதான் முதல் தடவை. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரியவில்லை. கோமதி சொன்னாள். திறந்தார். குத்து விழுந்தது. பல் இரண்டு போயிற்று.

மாஸ்டர்கள் பேச்சை நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை கல்யாணத்தில் சுடலைமணி வீங்கிய தாடையோடு உட்கார்ந்திருந்தார். இருளப்பன் பந்தியில் பரிமாறினான். சனிக்கிழமை விடியும்போது ஊரில் பாதி வீடுகளுக்குக் கதவு இல்லை. பெண்கள் ஆளுக்கொரு கதவைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். பலகையில் முதல் வரி ஏறியிருந்தது:

'கதவு. ஆசான்: சு. கோமதி.'