பின்னால் கேட்கும் குரல்

காய்ந்த இறால் பொட்டலத்தைப் பாலித்தீனில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜெயராணி அத்தை வந்தபோது, அனுப்பிரியா ஜப்பானில் ஷோகன்கள் ஆண்ட காலத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். தேவனாம்பட்டினத்தில் யார் விமானம் ஏறினாலும் பெட்டியில் பாதி அடுத்த வீட்டுச் சாமான்தான். பொட்டலம் ஜான்சிக்கு. அத்தையின் மகள் ஜான்சி போன வருடம் சிதம்பரத்து சென்டரில் ஜப்பானிய மொழி படித்து, ஜப்பானிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனவள். அதே சென்டருக்குத்தான் அனுப்பிரியாவும் தினம் பஸ் பிடித்துப் போய்வந்தாள். அந்த மொழியையும் வரலாற்றையும் பண்பாட்டையும் அந்த மண்ணிலேயே படிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்குப் பைத்தியமாகவே முற்றியிருந்தது. அடுத்த வாரம் பயணம்.

"கையில குடுத்துடு. போனே பண்ண மாட்றா, வீடியோதான் அனுப்புறா" என்ற அத்தை, கொஞ்சம் தயங்கிப் போனை நீட்டினாள். "பின்னால ஒரு ஆம்பள பேசிக்கினே இருக்காரு. உனக்குத்தான் பாஷை தெரியுமே. என்னா சொல்றாரு?"

அந்த வீடியோ புதிதல்ல. சேர வருகிறவர்களுக்கெல்லாம் சென்டர் சார் அதைத்தான் போட்டுக் காட்டுவார். இவளும் அதைப் பார்த்துத்தான் சேர்ந்தாள். ஜான்சிக்குப் பின்னால் கேட்ட ஆண்குரல் அன்றைக்கு வெறும் இரைச்சல். இன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. காலேஜ் நன்றாக இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று ஜான்சி தமிழில் சொல்லிச் சிரித்தாள். ஆண்குரல் ஜப்பானிய மொழியில் சொன்னது: சிரித்துக்கொண்டே பேசு. முடிந்ததும் போனைக் கொடு. வண்டி நிற்கிறது, நீ போய் லோடு ஏற்ற வேண்டும்.

அனுப்பிரியா அதை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள். அதேதான். அத்தை இவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாப்பிட வரச் சொல்றாரு அத்த."

சொன்னதும் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அத்தையோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேளாவேளைக்குக் கூப்பிட்டுச் சோறு போடுகிறார்களே, அது போதும் என்று சொல்லிப் போனாள்.

அப்பாவிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வெளியே ஓடினாள். தெருமுனையில் தேவசகாயம் ஏணி மேல் நின்று, மகள் ஜப்பான் போவதை ஊருக்குச் சொல்லும் பேனரைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு பூரிப்பை அவள் பார்த்ததில்லை.

"சார் இப்பதான் பேசுனாரு. ஜான்சி ரூம்லயே உனக்கும் எடம் போட்டுட்டாங்களாம். நேரா இருக்கா பாரும்மா."

"அப்பா, கழட்டிட்டு எறங்குப்பா."

கடல்காற்றில் பேனர் படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் காதில் விழவில்லை. கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்து இழுத்து, இன்னொரு முடிச்சுப் போட்டார்.