எழும்பாமல் யன்னலைத் திறக்கவும்

பின்னேரப் படகு அனலைதீவுத் துறையை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்தில், ஓட்டியின் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசி எழும்பிப் பறந்து பிரியதர்சினியின் மடியில் விழுந்தது.

"பாத்துப் பிடியுங்கோ, ரீச்சர்," என்றார் ஓட்டி பஸ்ரியாம்பிள்ளை. "அது தண்ணிக்க போனா மீனாம்பிகையக்கா என்னையும் தண்ணிக்க தள்ளுவா."

இப்படியான துண்டுகள் தினமும் போகும். தீவில் கிடைக்காத சாமான்களை எழுதிக் கொடுத்தால், பஸ்ரியாம்பிள்ளை அதை ஊர்காவற்றுறைக் கடையில் சேர்ப்பார். கடைக்காரர் பொதி கட்டி மறுநாள் காலைப் படகில் ஏற்றிவிடுவார். சாமான் இல்லாவிட்டால் துண்டின் பின்புறத்தில் அதற்கும் பதில் வரும். நாரந்தனையிலிருந்து படகேறி வந்து நான்காம் வகுப்புக்குப் படிப்பிக்கும் பிரியதர்சினி இதையெல்லாம் தை மாதத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு துண்டையாவது வாசித்துப் பார்த்ததில்லை.

இன்றைக்கு வாசித்தாள். 'பெரிய சவர்க்காரம் ஒன்று. பெரியது இல்லாவிட்டால் சின்னது இரண்டு. மணமுள்ளது மட்டும்தான் இருந்தால் ஒன்றும் வேண்டாம்.' எழுத்துகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, எதிர்க்காற்றில் நடப்பவர்களைப்போல நின்றன. அந்தச் சாய்வை அவளுக்குத் தெரியும். இரண்டு தவணையாகச் சிவப்புப் பேனையால் அதைத் திருத்தி வந்தவள் அவள்தான்.

"இது ஆரின்ர எழுத்து, அண்ணை?"

"தாரிகாப் பிள்ளையின்ர. மூண்டு வீட்டுக்கு அவதான் எழுத்துக்காறி."

தாரிகா பள்ளிக்கூடத்தில் வாய் திறந்ததில்லை. வீட்டில் தாயோடும் ஆட்டோடும் ஓயாமல் கதைக்கிற பிள்ளை, வகுப்பு வாசலைத் தாண்டியதும் உதட்டைப் பூட்டிக்கொள்ளும். மிரட்டியும் பார்த்தார்கள், இனிப்புக் கொடுத்தும் பார்த்தார்கள். போன வருடத்து மீளாய்வுப் படிவத்தில் வாசிப்பு 'இல்லை' என்றும், எழுத்து 'பார்த்து எழுதுகிறார்' என்றும் பதிந்திருந்தது. பக்கத்தில் இருக்கும் சிவகரனைப் பார்த்து எழுதுவதாகத்தான் எல்லோரும் நம்பினார்கள். சிவகரன் தொண்டை கிழிய வாசிப்பவன். அவன் படிவத்தில் 'மிக நன்று'.

இந்த வருடமும் அப்படியே பதிந்தால் பிள்ளையை யாழ்ப்பாணத்தில் ஒரு விசேட வகுப்புக்கு அனுப்பவேண்டும் என்று பேச்சு அடிபட்டது. அனுப்பினால் விடுதிதான். புகையிலைத் தோட்டத்தை விட்டுவிட்டுத் தாயால் கூடப் போய் இருக்க முடியாது. ஒன்பது வயது. மீளாய்வுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

மறுநாள் இடைவேளையில் பிரியதர்சினி மீனாம்பிகை வீட்டுக்குப் போனாள். கண்ணில் வெள்ளை படர்ந்த அந்த அம்மா, தாரிகாவின் பெயரைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"நான் தலைக்குச் சாயம் பூசிறனான், பிள்ளை. அதை வேற ஆரிட்டயும் சொல்லி எழுதுவிச்சால் பொழுதுபடுறதுக்குள்ள தீவு முழுக்கத் தெரிஞ்சிடும். இவள் வாய் திறக்கமாட்டாள்."

மணமுள்ள சவர்க்காரம் வேண்டாம் என்று சொன்னதும் அவரா என்று பிரியதர்சினி கேட்டாள். இல்லையாம். மூன்று மாதத்துக்கு முன்னர் அப்படி ஒன்று வந்து, கையெல்லாம் கடித்துத் தடித்ததாம். பிள்ளை அதை நினைவில் வைத்து, கேளாமலே எழுதியிருக்கிறது. கடைக்காரர் பின்புறத்தில் எழுதிவிடும் பதில்களையும் பிள்ளையேதான் வாசித்து அடுத்த துண்டை மாற்றி எழுதுமாம்.

திரும்பி நடக்கும்போது பிரியதர்சினிக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. எஞ்சின் போடும் சத்தத்தாலா படகு ஓடுகிறது? தண்ணீருக்கு அடியில் ஒருவருக்கும் தெரியாமல் சுழலும் விசிறியல்லவா தள்ளுகிறது. வாசிப்பும் அப்படித்தான். கண் எழுத்தைப் பிடிக்கும், மனம் அதைப் பொருளாக்கும். வாயின் வேலை அதற்குப் பிறகு, விருப்பமானால். நாங்கள் வாயைக் கேட்டே புள்ளி போட்டுப் பழகிவிட்டோம்.

வியாழக்கிழமை ஆசிரிய ஆலோசகர் தில்லைநாதன் வந்தார். கண்டிப்பானவர், ஆனால் நியாயக்காரர். பதினொரு பிள்ளைகளில் பத்துப்பேர் வாசித்தார்கள். தாரிகாவின் முறை வந்தது. பிள்ளை புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்து நின்றது. அவர் முழுதாக ஐந்து நிமிடம் பொறுத்தார். பிறகு பேனையைத் திறந்தார்.

பிரியதர்சினி, பதிலோடு திரும்பி வந்திருந்த பழைய துண்டுகளை மீனாம்பிகையிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தாள்; அவற்றைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஆரும் சொல்லச் சொல்ல எழுதியிருக்கலாமே, ரீச்சர்."

"அப்ப நீங்களே ஒண்டு எழுதிக் குடுங்கோ, சேர். வாசிக்கிறாளோ இல்லையோ எண்டு அவள் செய்யிறதில தெரியும்."

தில்லைநாதன் யோசித்தார். யோசித்து ஒரு கெட்டித்தனமான வசனம் எழுதினார்: 'இருந்த இடத்தை விட்டு எழும்பாமல், பின்பக்க யன்னலைத் திறக்கவும்.' அவருடைய கணக்கு இதுதான். சொற்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்குகிற பிள்ளை 'யன்னல்' என்பதைக் கண்டதும் எழும்பி ஓடும். முழுதாக விளங்கி வாசிக்கிற பிள்ளை, ஏலாத காரியம் என்று கண்டு, இருந்த இடத்திலேயே இருந்து அவரைப் பார்க்கும். அந்த ஒரு பார்வை போதும் அவருக்கு.

தாரிகாவை இருக்கவைத்துக் கடதாசியைக் கொடுத்தார்கள். கண்கள் வரியின் மேல் ஒருதரம் போயின. திரும்பி வந்து இன்னொருதரம் போயின. பிள்ளை எழும்பவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. கொப்பியில் ஒரு மூலையைக் கிழித்து, மூன்று வரி எழுதி, மடித்து, பக்கத்திலிருந்த சிவகரனின் கைக்குள் வைத்தது.

சிவகரன் வழக்கம்போல உரத்து வாசித்தான்: "சிவகரன், பின் யன்னலைத் திற. கொக்கி இறுகியிருந்தால் கீழாலை தட்டு. அதுக்கும் திறக்காட்டில் ரீச்சரைக் கூப்பிடு."

கொக்கி இறுகித்தான் இருந்தது. கீழால் தட்டினான். யன்னல் கதவு படாரென்று விரிந்தது. கடற்காற்று உள்ளே புகுந்து மேசையிலிருந்த துண்டுகளையெல்லாம் வாரி எறிந்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பொறுக்க ஓடினார்கள்.

தில்லைநாதன் படிவத்தை ஒரு கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டார். 'உரத்து வாசித்தல்' என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். அதன் கீழே, கட்டம் இல்லாத வெள்ளை இடத்தில், நிதானமாக எழுதினார்: 'விளங்கி வாசித்தல், எழுதுதல்: மிக நன்று. இதே வகுப்பில் தொடரவேண்டும்.' ஒப்பமிட்டுவிட்டுச் சிவகரன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவ்வளவு நாளும் நீரோ அவவைப் பாத்து எழுதினனீர்?"

சிவகரன் தலையைச் சொறிந்தான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிரியதர்சினியும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது, அதை மறைக்க அவள் முயலவில்லை.

அதற்குப் பிறகு அந்த வகுப்பை யாராலும் பிடிக்க முடியவில்லை. எல்லோருக்கும் துண்டு எழுதவேண்டும். கொப்பிகள் கிழிந்தன. துண்டில் கண்டபடி ஒருவன் ஒற்றைக் காலில் நின்றான், ஒருத்தி கரும்பலகையில் மீன் கீறினாள், இன்னொருவன் மேசையைச் சுற்றி மூன்றுதரம் நடந்தான். சிவகரன்கூட வாயை மூடிக்கொண்டு கண்ணால் வாசித்துக்கொண்டிருந்தான். வகுப்பு முழுவதும் அசைந்தது. ஒரு சத்தம் இல்லை.

தாரிகா கடைசியாக ஒன்று எழுதினாள். நாலாய் மடித்தாள். வாங்கில்களுக்கு நடுவே நடந்து வந்து, அதைத் தில்லைநாதனின் மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்து, துண்டை விரித்து, இரண்டுதரம் வாசித்தார். பிறகு கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார்.