துரையின் கொள்ளுத்தாத்தாவுக்கு எழவு

"கேப்டன் ஹார்விக் நடந்த காட்டுவழி" என்று சட்டையில் அச்சடித்துக்கொண்டு மூன்று துரைகள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். நடந்துதான் வந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. பின்னாலேயே இரண்டு ஜீப்பில் கட்டிலும் கக்கூஸும் வந்தன.

காடாம்! என் சோளக்கொல்லையில் நின்று படம் பிடித்தார்கள். "அம்மா, கொஞ்சம் நகருங்க, மனுஷங்க தெரியக் கூடாது" என்றார் தலைவர் ஜைல்ஸ். ஹார்விக்கின் கொள்ளுப்பேரன்; எங்கள் நாட்டுச் சுவாஹிலி பேசக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். "அப்ப நான் யாரு, பேயா?" என்றேன். சிரித்துவிட்டு மறுபடியும் நகரச் சொன்னார்.

அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டேன். மறுநாள்தான் வயிறு எரிந்தது. அந்தக் காலத்தில் நாடு கண்டுபிடிக்க வந்த ஹார்விக் காய்ச்சலில் செத்தது எங்கள் ஊற்றங்கரையில். அவனுடைய மூட்டைதூக்கிகள் அங்கேயே புதைத்துவிட்டுப் போனார்கள். அதனால் ஊற்றைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுக் கல் நடப்போகிறார்களாம். மாவட்ட அதிகாரியும் தலையாட்டிவிட்டார். கோடையில் எங்களுக்கும் ஆடுகளுக்கும் அந்த ஒரே ஊற்றுதான். செத்தவனுக்கு வேலி, உயிரோடு இருக்கிறவளுக்குத் தாகம்!

கத்தினால் வேலைக்காகாது. "கல்லு நடுங்க தம்பி. ஆனா எழவு நடக்காத பொணத்துக்குக் கல்லு நட்டா ஆகாது. எங்க முறைப்படி செஞ்சிடலாமா?" என்றேன்.

ஜைல்ஸுக்கு முகமெல்லாம் பல். கேமராவைப் பார்த்து, "இந்த மக்களோட முறை எதுவா இருந்தாலும் அப்படியே ஏத்துக்கறேன்" என்று நெஞ்சில் கை வைத்தார். நல்லா மாட்டினீர் துரை!

உடனே சைக்கிள் கடை மகாங்காவுக்குப் போன் போட்டேன். அவன் ந்யாம்வேசிக்காரன்; ஹார்விக்குக்கு மூட்டை தூக்கினதும் அந்தச் சனம்தான். எங்கள் கோகோ சனத்துக்கும் அவர்களுக்கும் கேலிமுறை. எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் அவர்கள் வந்து பிணத்தையே கிண்டலடிப்பார்கள், வேண்டியதைக் கேட்டு வாங்கிப் போவார்கள். கோபப்பட்டால் செத்தவனுக்குத்தான் அவமானம். எங்கள் மண்ணில் புதைந்த ஹார்விக் எங்கள் பிணம்தானே?

மகாங்கா வந்தான். கல்லுக்குத் தோண்டிய குழியில் இறங்கி மல்லாந்து படுத்தான்.

"யோவ் ஹார்விக்கு! தண்ணி குடிக்க வந்துட்டு ஊத்தையே கண்டுபிடிச்சேன்னியாமே? அப்ப உனக்கு மொண்டு குடுத்தவளை எவன்யா கண்டுபிடிச்சான்? செத்தும் எங்க தாத்தன் தோள்லதானே ஏறின!"

ஊரே சிரித்தது. ஜைல்ஸின் காது சிவந்தது.

"எந்திரிங்க, கல்லு நடணும்."

"கேட்டதைக் குடு மச்சான், எந்திரிக்கிறேன்."

"என்ன வேணும்?"

"அந்த வேலிக்கம்பி. மொத்தமும். வேற வாங்கிப் போட்டேன்னு வை, எழவு செல்லாது. உங்க தாத்தன் பேயா அலைவான்."

ஜைல்ஸ் வாயைத் திறந்தார். "கோபப்படாதீங்க தம்பி, பெரியவருக்கு அவமானம்" என்றேன். கேமராக்காரன் நிறுத்தவே இல்லை. துரை பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். கம்பிச் சுருளெல்லாம் மகாங்காவின் கடைக்குப் போயிற்று, அதுவும் அவர்கள் ஜீப்பிலேயே.

"ரெண்டு சுருளு எனக்குக் குடுடா, கொல்லைக்கு ஆகும்" என்று கேட்டேன்.

"உங்க வீட்ல எழவு விழட்டும்க்கா, அப்ப பாக்கலாம்" என்றான் கட்டையில போறவன். கோபப்பட முடியுமா? முறை ஆச்சே.

கல்லை மட்டும் நட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் அது சாய்ந்தது. நல்ல வழவழப்பான கல், துணி துவைக்க வாகாக இருக்கிறது.

படமும் வந்தது, கைப்பேசியில் பார்த்தேன். எழவையே வெட்டிவிட்டார்கள். "மனித வாடையே படாத காடு" என்று ஊற்றைக் காட்டிப் பேசுகிறார் ஜைல்ஸ். அவருக்குப் பின்னால் என் வெள்ளாடு வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கிறது. அதை நகரச் சொல்ல யாராலும் முடியவில்லை.