நேராகத் தெரிந்த கோடுகள்

சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் கண் சோதனை என்றால் பரீட்சைதான். முதலில் முடித்துவிட்டு வருகிறவள் வரிசையில் நிற்கிறவர்களுக்கு விடை சொல்லியாக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி டாக்டர் சுவரில் எழுத்து அட்டையை மாட்டுவார். கடைசி வரியைப் படிக்காதவளுக்கு மறுநாள் லைனில் இடம் கிடையாது. அதனால் அந்த வரி பெண்கள் விடுதியில் சாமி பாட்டு மாதிரி எல்லோருக்கும் மனப்பாடம்.

மாடத்திக்கும்தான். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். லென்ஸ் விளக்கின் கீழே சர்க்யூட் போர்டைப் பார்த்து, ஈயம் சரியாக ஒட்டாத இடத்தைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. சோடாபுட்டிக் கண்ணாடி. ஒரு மாதமாக வலது கண்ணுக்கு மட்டும் போர்டின் விளிம்பு நடுவில் நெளிந்து தெரிந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

இரண்டாயிரத்து ஐந்து ஆடியில் சென்னையிலிருந்து ஒரு கண் ஆராய்ச்சிக் குழு வந்தது. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி, அதாவது மாக்குலா, இளம் வயதிலேயே கெடுகிறதா என்று பார்க்கிறார்களாம். கண்ணாடி போட்ட நாற்பது பெண்களைக் கேண்டீனில் நிறுத்தினார்கள். ஷெர்லின் என்ற பெண் கட்டம் போட்ட அட்டையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னாள். கோடு வளைந்து தெரிந்தால் சென்னைக்கு வேனில் கூட்டிப்போய், கண்ணுக்குள் படமெடுத்து, இலவசமாக வைத்தியமும் செய்வார்கள். எல்லாம் நன்றாகத்தான் விளக்கினாள். ஆனால் அவள் தோளுக்குப் பின்னாலேயே சூப்பர்வைசர் சுப்பராயன் பெயர்ப் பட்டியலும் பேனாவுமாக நின்றார். அந்த மனிதரை நிறுத்திவைத்துக்கொண்டு விளக்கி என்ன பயன்?

முதலில் போனவள் சந்தனமாரி, மாடத்தியின் அறைத்தோழி. திரும்பி வரும்போதே காதில் போட்டுவிட்டாள்.

“ஏட்டி, எல்லாக் கோடும் நேரா இருக்குன்னு சொல்லு. அவ்ளோதான்.”

மாடத்தி வலது கண்ணால் பார்த்தாள். நடுவில் கோடுகள் தொய்ந்த கொடிக்கயிறாகக் கிடந்தன. நேராக இருக்கிறது என்றாள். ஷெர்லின் டிக் போட்டாள். நாற்பது பேருக்கும் நேராகவே இருந்தது. என்ன அதிசயமான கண்களோ.

தை பிறப்பதற்குள் நெளிவு போய், அந்த இடத்தில் ஒரு சாம்பல் பொட்டு வந்து உட்கார்ந்தது. பார்வையை எங்கே திருப்பினாலும் நட்டநடுவில் அதுதான். மாடத்தி சரியென்று பார்த்து அனுப்பிய போர்டுகள் பழுதென்று திரும்பி வந்தன. சுப்பராயன் திட்டக்கூட இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம், முதலில் கண்ணைக் காட்டு என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார். அந்தத் தன்மைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

சந்தனமாரி லீவு போட்டுவிட்டு, அந்த ஆராய்ச்சிக் குழுவின் சென்னை ஆஸ்பத்திரிக்கே துணைக்கு வந்தாள். பஸ்ஸில் வழி நெடுக ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் படமெடுத்துப் பார்த்தார். மாக்குலாவில் தழும்பு விழுந்துவிட்டது, இனி இந்தக் கண்ணால் எழுத்துப் படிக்க முடியாது, கோடு நெளிய ஆரம்பித்தபோதே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அடுத்த அறையில் ஷெர்லின் இருந்தாள். கோப்பைப் புரட்டியவளின் முகம் சுருங்கியது. ஆராய்ச்சியில் மாடத்தியின் பெயர் நல்ல கண்கள் பட்டியலில் இருந்தது.

“நீங்கதானே நேரா இருக்குன்னு சொன்னீங்க?”

மாடத்தி மேஜையில் கையை ஊன்றிக் குனிந்தாள்.

“அந்த ஆளப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேட்டா எவ மேடம் நெசத்தச் சொல்லுவா? சாத்திட்டுக் கேக்க ஒரு கதவு கெடைக்கலையா ஒங்களுக்கு?”

தங்கள் ஆள் கூடவே நிற்பான் என்ற நிபந்தனையில்தான் கம்பெனி உள்ளே விட்டது என்று ஷெர்லின் முணுமுணுத்தாள். நாற்பது பேரையும் வைத்துக் கட்டுரையும் எழுதி அனுப்பியாகிவிட்டதாம். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். மாடத்தியின் இடது கண்ணுக்கு அதே அட்டையைப் பிடித்தாள்.

கோடுகள் நேராக இருந்தன. மாடத்தி அப்படியே சொன்னாள். ஷெர்லின் பேனாவை எடுக்கவில்லை. மறுபடி கேட்டாள், மூன்றாம் முறையும் கேட்டாள். அன்றைக்குப் பொய்யை ஒரே தடவையில் எழுதிக்கொண்டவள்தான்.

சுவரோரம் நின்ற சந்தனமாரி முன்னால் வந்தாள். மாடத்தியின் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“எனக்கும் பாருங்க மேடம்,” என்றாள். “அன்னைக்கே எனக்கு நெளிஞ்சுதான் தெரிஞ்சுது.”