துரையிடம் கற்ற இங்கிலீஷ்

எழுத்துத் தேர்வைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. வீட்டிலிருந்தபடியே படித்து பி.ஏ.வில் முதல் வகுப்பு வாங்கியவள் நான். ஹைதராபாத்தில் இங்கிலீஷ் ஆசிரியர்களுக்கென்று இருந்த மேற்படிப்பின் நுழைவுத் தேர்வில் நேர்முகம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதுதான் இடித்தது. வாயைத் திறந்து இங்கிலீஷ் பேச சின்ன காஞ்சிபுரத்தில் யார் இருக்கிறார்கள்? இடம் கிடைக்காவிட்டால் நான் வேலை பார்த்த ஐயம்பேட்டைப் பள்ளியில் ஆயுசுக்கும் தையல் வகுப்புதான். அந்தப் படிப்பை முடித்துவிட்டு வந்தால் இங்கிலீஷ் வகுப்பு தருகிறேன் என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

1973 கோடையில் ஒரு வெள்ளைக்காரர், பட்டு நெசவைப் படம் வரைய எங்கள் வீட்டுக்கு வந்தார். நெசவாளியான என் அப்பா ஆதிகேசவன் அவரைத் துரை என்றார். துரை தினமும் தறிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, விரலை நீட்டி நீட்டிக் கேள்வி கேட்பார். அப்பாவின் பதிலை நான் இங்கிலீஷில் சொல்வேன். அவர் தொண்டையிலிருந்து எழுப்பிய 'ர'வைக்கூட அப்படியே பிடித்துக்கொண்டேன்.

"இன்னாக்கா, துரைசானி மாதிரி பேசிக்கினு இருக்கிறியே!" என்று என் தங்கை அலமு சிரித்தாள்.

"பொறாமைடி உனக்கு" என்றேன்.

தேர்வுக்கு முந்தின வாரம் அமாவாசை. அன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். துரைக்கு அது தெரியாது, வழக்கம்போல வந்துவிட்டார். விரலை நீட்டிக் கேட்க எதுவும் ஓடவில்லை. பேச்சு குடும்பக் கதைக்குத் திரும்பியது. அவருடைய அம்மாவைப் பற்றிக் கேட்டேன். பாதி வாக்கியத்தில் நின்று, பையிலிருந்து குட்டி அகராதி ஒன்றை எடுத்துப் புரட்டினார்.

"இங்கிலீஷ்காரருக்கு எதற்கு அகராதி?" என்று கேட்டேன்.

"நான் ஜெர்மன்காரன். இங்கிலீஷ் மூன்று வருஷமாகத்தான் படிக்கிறேன்" என்றவர், தேடிய சொல்லைக் கண்டுபிடித்தார். அம்மாவுக்குப் பக்கவாதமாம். கண் கலங்கிவிட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தேற்றி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது, நான் பிடித்துக்கொண்டது இங்கிலீஷ்காரரின் உச்சரிப்பே இல்லை என்று.

"எந்த ஊருன்னு நீ கேக்கவே இல்லியாப்பா?"

"வெள்ளையா இருந்தாரு, துரைன்னேன். பி.ஏ. படிச்சவ நீதானமா, நீ கேட்டிருக்கலாமில்ல?"



நேர்முகம் மெட்ராசில் நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் தட்டுத் தடுமாறி இரண்டு வாக்கியம் பேசியதுமே நடுவில் இருந்தவர் கையை உயர்த்தினார்.

"இது என்ன உச்சரிப்பு? யாரிடம் பேசப் பழகினீர்கள்?"

கான்வென்டில் என்று அளந்திருக்கலாம். "ஒரு ஜெர்மன்காரரிடம்" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "பாவம், அவருக்கே அது இரவல் பாஷை!"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "உங்களுக்கு மட்டும் சொந்தமா, சார்? எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு பட்டைப் பற்றிப் பேசினோம், சிரித்தோம். அவர் தன் அம்மாவை நினைத்து அழுதார், நான் தேற்றினேன். ஐயம்பேட்டைப் பெண்களுக்கு இந்த இங்கிலீஷைத்தான் சொல்லித்தரப் போகிறேன். உச்சரிப்பு தப்பென்றால் திருத்துங்கள். அதற்குத்தானே உங்களிடம் வருகிறேன்!"

போச்சு, தையல் வகுப்புதான் என்று நினைத்தேன்.

நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார். "திருத்திவிடலாம். ஜூலையில் வந்து சேருங்கள்" என்றவர், "இப்போது ஒரு சொல்லுக்குக்கூட நீங்கள் தடுமாறவில்லை, கவனித்தீர்களா?" என்று கேட்டார்.

நான் கவனிக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, கோபம் எனக்கு இங்கிலீஷிலேயே வந்திருந்தது.