மூன்றால் பெருக்கிய வரி

டைல்ஸ் ஆலையின் சோதனைக்கூடத்தில் அவளுக்குக் 'கணக்குப்புலி' என்று பெயர். அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவள் அக்கா. உற்பத்தி முழுக்க அக்காவின் பொறுப்பு. இருவரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே வண்டியில் வந்து போனார்கள்.

பெரிய ஆர்டர் ஒன்று கழுத்தை நெரித்தது. சூளைக்குள் டைல்ஸை நகர்த்தும் உருளைகளை மூன்று மடங்கு வேகமாக ஓட்டலாமா என்று கணக்குப் போடச் சொன்னாள் அக்கா. நிமிடத்துக்கு ஒரு மீட்டர் போனது இனி மூன்று மீட்டர் போகும். ஆறுகிற பகுதியில் நிமிடத்துக்கு நாற்பது டிகிரிக்கு மேல் சூடு இறங்கினால் டைல்ஸ் விரிசல் விட்டுவிடும்.

சூடு இடத்தைப் பொறுத்தது. இடம் நேரத்தைப் பொறுத்தது. சார்புக்குள் ஒரு சார்பு. கணக்குப்புலி முதல் தாளில் சூட்டை இடத்தைப் பொறுத்து வகையிட்டாள். மீட்டருக்கு இருபது டிகிரி வந்தது. அதோடு நிறுத்தக்கூடாது, சங்கிலி விதிப்படி, உள்ளே இருக்கும் சார்பையும் வகையிட்டு, அதாவது உருளையின் வேகத்தால், பெருக்க வேண்டும். பழைய வேகத்தில் ஒன்றால் பெருக்கினால் அதே இருபதுதான். புது வேகத்தில் மூன்றால் பெருக்கியதும் நிமிடத்துக்கு அறுபது. இரண்டாம் தாளில் 'கூடாது' என்று முடித்து, இரண்டிலும் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொடுத்தாள்.

மறுநாள் காய்ச்சலில் படுத்தாள். நான்கு நாளும் நேரம் தவறாமல் மாத்திரை கொடுத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்தவள் அக்காதான்.

ஐந்தாம் நாள் வேலைக்குப் போனால் முற்றமெல்லாம் விரிசல் விட்ட டைல்ஸ் குவியல். முதலாளி கூப்பிட்டனுப்பினார். மேசையில் முதல் தாள் மட்டும் இருந்தது. மீட்டருக்கு இருபது என்பதையே நிமிடத்துக்கு இருபது என்று நம்பி வேகத்தைக் கூட்டிவிட்டதாக அக்கா அவரிடம் சொல்லியிருந்தாள்.

"அவ சின்னப் பொண்ணு சார். கடைசிப் படிய விட்டுட்டா. இந்த ஒரு தடவ மன்னிச்சிடுங்க," என்றாள் பக்கத்தில் நின்ற அக்கா.

இரண்டாம் தாள் எங்கே என்று கேட்டாள் கணக்குப்புலி.

"நீ ஒரு தாள்தானேம்மா குடுத்த?"

அவ்வளவு கனிவாகச் சொன்னாள். கணக்குப்புலிக்கே ஒரு கணம் தன் மேல் சந்தேகம் வந்தது. சோதனைக்கூடத்துக்குப் போய், முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த நோட்டை எடுத்து வந்தாள். தேதியோடு மூன்றால் பெருக்கிய வரி இருந்தது. முதலாளி இரண்டு முறை படித்துவிட்டு, அக்காவை மட்டும் இருக்கச் சொன்னார். அன்றே சூளைப் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போனது.

வீட்டில் அக்கா முகம் பார்க்காமல் பேசினாள்.

"ஆர்டர் தவறினா என் வேல போயிடும். உனக்கு வயசு இருக்கு, இன்னொரு வேல கெடைக்கும்னு நெனச்சேன். அதான் ரெண்டாம் தாளக் கிழிச்சுட்டேன்."

தாளைக் கிழித்ததைக்கூடக் கணக்குப்புலி பொறுத்துக்கொண்டிருப்பாள். செய்யாத தப்புக்குத் தனக்காக அக்கா மன்னிப்புக் கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த வாரமே வேறு அறை பார்த்துக்கொண்டு போனாள். பெட்டியைத் தூக்க அக்கா கை நீட்டினாள். இவள் கொடுக்கவில்லை.